கொல்வதும் காப்பதும்: செடிச் சாற்றைப் பெருங்குடல் புற்றுக்கு எதிராகச் சோதிப்பது எப்படி

இன்ன செடியின் சாறு பெருங்குடல் புற்றுநோயைத் தடுக்கிறது என்ற செய்தி மாதத்துக்கு ஒன்றாவது வாட்ஸ்அப்பில் வந்துவிடும். அடியில் பெங்களூருவிலோ வேறு ஊரிலோ உள்ள ஒரு கல்லூரியின் பெயரும் இருக்கும். ஆய்வு நடந்தது உண்மையாகவே இருக்கலாம். மூலக் கட்டுரையைத் தேடிப் படித்தால் தெரிவது இவ்வளவுதான்: பிளாஸ்டிக் தட்டில் வளர்த்த புற்றுச் செல்கள்மேல் சாற்றை விட்டார்கள், செல்கள் செத்தன.

ஏற்கெனவே புற்றாகிவிட்ட செல்லைக் கொல்வது ஒரு வேலை. நல்ல குடலில் புற்று வராமல் காப்பது வேறு வேலை. முதல் வேலையை பிளீச்சிங் பவுடரும் செய்யும். பெங்களூருவில் எம்.எஸ்சி. பிராஜெக்டுக்காக வேலூர், சேலம், ஓசூர் பக்கமிருந்து வரும் மாணவர்கள் ஆண்டுதோறும் தொடும் தலைப்பு இது. இந்த இரண்டு வேலைகளுக்கும் உள்ள தூரம் தெரியாமல் தொடங்கினால், ஆறு மாதம் உழைத்தபின் கையில் மிஞ்சுவது எதையும் சொல்லாத ஓர் எண்தான்.

2022ஆம் ஆண்டுக்கான உலகக் கணக்கின்படி, பெருங்குடல்–மலக்குடல் புற்று புதிதாக 19 லட்சம் பேருக்கு மேல் கண்டறியப்பட்டது. சுமார் 9 லட்சம் பேர் இறந்தார்கள். ஆனால் இந்த நோய் வருவதற்கு நெடுங்காலம் எடுத்துக்கொள்கிறது. குடலின் உள்சுவரில் கிரிப்ட் எனப்படும் நுண்குழிகள் நெருக்கமாக இருக்கின்றன. ஒரு குழியின் அடியில் இருக்கும் தண்டுச்செல்லில் ஏபிசி என்ற மரபணு பழுதாவதில் பெரும்பாலும் கதை தொடங்குகிறது. அது சிறு கட்டியாகி, கேராஸ், பி53 முதலிய மரபணுக்களும் அடுத்தடுத்துப் பழுதாகிப் புற்றாவதற்குப் பொதுவாகப் பத்தாண்டு அளவில் ஆகிறது. இந்தப் படிவரிசையை ஃபியரனும் வோகல்ஸ்டீனும் 1990இல் தொகுத்துச் சொன்னார்கள். காப்பு என்றால் இந்தப் பத்தாண்டில் எங்காவது குறுக்கே நிற்பது. அதை 48 மணி நேரத் தட்டுச் சோதனையில் எப்படிப் பார்ப்பது?

முதலில், செடி எது?

தவறு பெரும்பாலும் தட்டுக்கு முன்பே, சிட்டி மார்க்கெட்டிலோ அவென்யூ ரோட்டிலோ உள்ள நாட்டு மருந்துக் கடையில் தொடங்கிவிடுகிறது. தென்னிந்தியாவில் 25 கடைகளில் கீழாநெல்லி வாங்கிப் பார்த்த ஓர் ஆய்வு 2010இல் வெளியானது. அந்தப் பெயரில் ஆறு ஃபில்லாந்தஸ் இனங்கள் விற்பனையில் இருந்தன. ஏறத்தாழ நான்கில் ஒரு கடையில் எதிர்பார்த்த ஃபில்லாந்தஸ் அமாரஸுக்கு மாற்றாக வேறு இனங்கள் கிடைத்தன. பிராமி கேட்டால் இங்கே சில கடைகளில் வல்லாரை வரும், சிலவற்றில் நீர்ப்பிரமி வரும். இரண்டும் வெவ்வேறு குடும்பச் செடிகள்.

ஆகவே பூவோடும் வேரோடும் செடியைப் பறித்து, அழுத்தி உலர்த்தி, ஒரு ஹெர்பேரியத்தில் (உலர்ந்த செடி மாதிரிகளைச் சேமிக்கும் இடம்) கொடுத்துப் பெயரை உறுதிசெய்து எண் வாங்க வேண்டும். எலஹங்கா பக்கம் உள்ள எஃப்ஆர்எல்எச்டி ஹெர்பேரியம் மருந்துச் செடிகளுக்கென்றே அமைந்தது. இந்த எண் இல்லாத கட்டுரையை அதற்குமேல் படிக்கத் தேவையில்லை என்பது எங்கள் கருத்து. காப்புரிமை வரை போகிற எண்ணம் இருந்தால், 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி சென்னையில் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் பதிவோ அனுமதியோ தேவைப்படும். அதையும் தொடக்கத்திலேயே விசாரித்துவிடுவது நல்லது.

உலர்த்துவது நிழலில். பெங்களூருவில் ஜூன் முதல் அக்டோபர் வரை காற்றில் ஈரம் நிற்பதால் இலை உலர நாளாகும். நடுவே பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த இலையின் சாறும் செல்லைக் கொல்லும், ஆனால் அது செடியின் குணமில்லை. அந்த மாதங்களில் காற்று சுழலும் அவனில் 40 டிகிரி செல்சியஸில் உலர்த்துவதே மேல்.

பொடிக்குப் பத்து மடங்கு கரைப்பான் என்பது வழக்கமான அளவு: 100 கிராம் பொடிக்கு ஒரு லிட்டர். மூன்று நாள் ஊறவைத்து, வடிகட்டி, ரோட்டரி எவாப்பரேட்டரில் 40 டிகிரியை ஒட்டிய சூட்டில் கரைப்பானை எடுத்துவிடுவார்கள். நீர்ச் சாறு என்றால் உறையவைத்து உலர்த்துவார்கள். எந்தக் கரைப்பான் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஊரில் குடிப்பது கஷாயம். லேப்பில் சோதிப்பது மெத்தனால் சாறு அல்லது குளோரோஃபார்ம் சாறு. கஷாயத்தில் இறங்காத மூலக்கூறுகள் மெத்தனாலில் இறங்கும். பிறகு கட்டுரையின் முன்னுரையில் “பாரம்பரியப் பயன்பாடு” என்று எழுதினால் இரண்டுக்கும் தொடர்பே இல்லை.

எடுத்த சாற்றின் எடையைப் பார்த்து, பொடியில் எத்தனை சதவீதம் கிடைத்தது என்று குறித்துவைக்க வேண்டும். கடைசியில் மனித அளவைக் கணக்குப் போடும்போது இந்த எண் இல்லாமல் நகர முடியாது. சாற்றில் உள்ள பொருள்களைத் தனித்தனிப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் ஹெச்பிடிஎல்சி தட்டில் ஒரு கைரேகைப் படமும் எடுத்துவைத்தால், அடுத்த பருவத்தில் பறிக்கும் இலை இதே சாற்றைத் தருகிறதா என்று ஒப்பிடலாம்.

சாற்றின் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பை அளக்க, டிபிபிஎச் என்ற ஊதாக் கரைசல் வெளுக்கிறதா என்று 517 நானோமீட்டரில் பார்க்கும் சோதனை எல்லாக் கட்டுரையிலும் இருக்கும். டீத்தூளும் அதை வெளுக்கவைக்கும். புற்றைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

தட்டில் நடக்கும் ஏமாற்று

எச்டி-29, எச்சிடி-116, கேக்கோ-2 ஆகியவை வழக்கமாகப் பயன்படும் பெருங்குடல் புற்றுச் செல் வரிசைகள், அதாவது லேப்பில் தொடர்ந்து வளர்த்துவரும் செல் வகைகள். இந்தியாவில் பெரும்பாலோர் புனேயில் உள்ள என்சிசிஎஸ் நிறுவனத்தின் சேமிப்பிலிருந்து வாங்குகிறார்கள். பக்கத்து லேப்பில் கடன் வாங்கும் பழக்கமும் உண்டு. அப்படி வந்த செல்லில் மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியா இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். சாதாரண மைக்ராஸ்கோப்பில் அது தெரியாது. செல்லின் வளர்ச்சியையும் சுவாசத்தையும் சத்தமில்லாமல் மாற்றிவிடும்.

96 குழித் தட்டில் ஓரத்து 36 குழிகளில் வெறும் பஃபரை நிரப்பி, உள்ளே இருக்கும் 60 குழிகளில் மட்டும் செல் வைப்பது பாதுகாப்பு. ஓரக் குழிகளில் நீர் ஆவியாகி உப்பு ஏறும். ஒரு குழிக்கு 5,000 செல், 100 மைக்ரோலிட்டர் மீடியம் (செல் வளரும் ஊட்டக் கரைசல்). ஒருநாள் ஒட்டவிட்டு, சாற்றைப் பல செறிவுகளில் சேர்த்து, 24, 48, 72 மணி நேரத்தில் பார்ப்பது முறை. சாற்றை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்திருந்தால் குழியில் அதன் அளவு 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 0.1 என்றால் நிம்மதி. எல்லாக் குழியிலும், சாறு இல்லாத கன்ட்ரோல் குழியிலும்கூட, டிஎம்எஸ்ஓ அளவு ஒன்றாகவே இருக்க வேண்டும்.

டிஎம்எஸ்ஓவில் தெளிவாகக் கரைந்த சாறு மீடியத்தில் விட்டதும் திரிந்து அடியில் படியும். அதை மைக்ராஸ்கோப்பில் பார்க்காமல் விடுவது ஒரு தவறு. திரிந்ததை 0.22 மைக்ரான் ஃபில்ட்டரில் வடித்துவிட்டு, பழைய செறிவையே எழுதுவது அதைவிடப் பெரிய தவறு. ஃபில்ட்டரில் தங்கியது போக உள்ளே போனது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

அடுத்தது எம்டிடி சோதனை. உயிருள்ள செல் மஞ்சள் நிற எம்டிடியை ஊதா நிற ஃபார்மசானாக மாற்றும். மூன்று நான்கு மணி நேரம் கழித்து டிஎம்எஸ்ஓவில் கரைத்து 570 நானோமீட்டரில் அளப்பார்கள். 1983இல் வந்த முறை, மலிவு, எளிது. செடிச் சாற்றுக்கு மட்டும் இது வம்பு. பாலிஃபீனால் நிறைந்த சாறு செல்லே இல்லாமல் எம்டிடியை ஊதாவாக்கிவிடும். செத்த செல் உயிரோடு இருப்பதாகக் காட்டும். இதற்குச் செல் இல்லாமல் சாறும் எம்டிடியும் மட்டும் வைத்த குழிகள் வேண்டும்; எம்டிடி சேர்க்கும் முன் சாறு கலந்த மீடியத்தை எடுத்துவிட்டுக் கழுவவும் வேண்டும். புரதத்தைச் சாயமேற்றி அளக்கும் எஸ்ஆர்பி முறையில் இந்தத் தொல்லை குறைவு. அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் தன் 60 செல் வரிசைச் சோதனைக்கு எஸ்ஆர்பியைத் தேர்ந்ததும், நவி மும்பையில் உள்ள ஆக்ட்ரெக் புற்றுநோய் ஆய்வு மையம் அதையே கையாள்வதும் சும்மா இல்லை.

எதிர்ப்பக்க ஏமாற்றும் உண்டு, அதுதான் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது. பச்சைத் தேயிலையின் ஈஜிசிஜி, நெல்லி, கடுக்காய் வகையில் நிறைந்திருக்கும் காலிக் அமிலம் போன்றவை டிஎம்இஎம் மீடியத்தில் விழுந்த சில நிமிடங்களிலேயே ஆக்சிஜனோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகின்றன. செல்லைக் கொல்வது அந்தப் பெராக்சைடுதான். ஹாலிவெல் குழுவினர் 2000ஆம் ஆண்டிலேயே இதைக் காட்டினார்கள். உடலுக்குள் ஆக்சிஜன் அளவும் சூழலும் வேறு. இந்த வினை அப்படியே நடக்காது. கண்டுபிடிக்க ஒரு வழி போதும்: சில குழிகளில் கேட்டலேஸ் நொதியைச் சேர்த்துப் பாருங்கள். கேட்டலேஸ் இருக்கும் குழியில் செல் சாகவில்லை என்றால், கொன்றது செடியின் சாமர்த்தியமில்லை, மீடியத்தின் வேதியியல். மீடியத்தில் சோடியம் பைருவேட் இருந்தால் அதுவும் பெராக்சைடை விழுங்கிவிடும். ஒரே சாறு இரண்டு லேப்களில் இரண்டு விடை தருவதற்குப் பாட்டிலின் லேபிளில் உள்ள இந்த ஒரு வரியே காரணமாக இருக்கக்கூடும்.

இவ்வளவும் சரியாகச் செய்து ஐசி50, அதாவது பாதிச் செல்லை நிறுத்தும் செறிவு, கிடைத்துவிட்டது என்று வைப்போம். கச்சாச் சாற்றுக்கு மில்லிலிட்டருக்கு 20 மைக்ரோகிராமுக்குள் இருந்தால்தான் மேலே ஆராயத் தகுந்தது என்பது பரவலாக ஏற்ற வரம்பு. 300, 500 மைக்ரோகிராம் என்று வந்த சாறுகளையும் “சிறந்த செயல்திறன்” என்று எழுதிவிடுகிறார்கள். கூடவே ஒரு நல்ல குடல் செல்லையும் அதே செறிவில் வைத்து, அது எவ்வளவு சாகிறது என்று காட்டாவிட்டால் அந்த ஐசி50 ஒரு நச்சு அளவு மட்டுமே.

காப்பைத் தட்டிலேயே பார்க்க வேண்டுமானால் கேள்வியை மாற்ற வேண்டும். நல்ல செல்லுக்குச் சாற்றை முன்கூட்டியே கொடுத்து, பிறகு டி.என்.ஏ.வைத் தாக்கும் பொருளைக் கொடுத்து, சேதம் குறைகிறதா என்று காமெட் சோதனையில் பார்க்கலாம். அல்லது, நச்சை வெளியேற்றும் நொதிகளைச் சாறு தூண்டுகிறதா என்று அளக்கலாம். எலியின் ஹெப்பா 1சி1சி7 செல்லில் குயினோன் ரிடக்டேஸ் நொதியின் அளவு இரண்டு மடங்காகத் தேவைப்படும் செறிவைக் காணும் முறை 1988இல் புரோஹாஸ்கா, சான்டமரியா ஆகியோர் தந்தது. டலாலே குழு 1992இல் பிராக்கோலியிலிருந்து சல்ஃபோரஃபேனைப் பிடித்ததும் இந்த வழியில்தான். ஒரு செல்லையும் கொல்லத் தேவையில்லாத சோதனை. நம் ஊர்ச் செடிகளில் இதைச் செய்து பார்த்தவர்கள் எம்டிடி செய்தவர்களோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

இன்னொரு இடைவெளி செரிமானம். நாம் விழுங்கிய சாறு அப்படியே பெருங்குடலுக்குப் போவதில்லை. இன்ஃபோஜெஸ்ட் என்ற பொது முறைப்படி வாயில் 2 நிமிடம், பிஎச் 3இல் இரைப்பையில் 2 மணி நேரம், பிஎச் 7இல் சிறுகுடலில் 2 மணி நேரம் என்று குழாயிலேயே செரிக்கவைத்துப் பிறகு செல்லுக்குக் கொடுக்கலாம். பித்த உப்பும் கணைய நொதியும் தாமே செல்லைக் கொல்லும் என்பதால், சாறு இல்லாத வெறும் செரிமானக் கலவை ஒன்றும் கன்ட்ரோலாக வேண்டும். அதையும் தாண்டி, குடல் பாக்டீரியா வேறு வேலை செய்கிறது. மாதுளையின் எல்லாஜிடானினைச் சிலர் வயிற்றுப் பாக்டீரியாதான் யூரோலித்தினாக மாற்றும். சிலர் வயிற்றில் அது உண்டாவதே இல்லை.

எலியின் குடல்

விலங்குச் சோதனைக்கு முன் நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவில் படிவம் பி கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும், சிபிசிஎஸ்இஏ என்று இருந்து இப்போது சிசிஎஸ்இஏ ஆன அரசுக் குழுவின் விதிகள் இதற்குப் பொருந்தும். எண்ணிக்கைக்கு நியாயம் சொல்ல வேண்டும்: தொடக்கநிலை மாற்றங்களை மட்டும் எண்ணுவதற்குக் குழுவுக்கு 8 முதல் 12 எலிகள் போதும், கட்டிவரை போக வேண்டுமானால் 25–30 தேவைப்படும்.

புற்றை வரவழைக்க டைமெத்தில்ஹைட்ரசின் அல்லது அதன் அடுத்த படியான அசாக்ஸிமீத்தேன் பயன்படுகிறது. கல்லீரலில் சிஒய்பி2இ1 நொதி இதை மெத்தில்அசாக்ஸிமெத்தனாலாக மாற்ற, அது டி.என்.ஏ.வின் குவானினில் மெத்தில் குழுவை ஒட்டுகிறது. இந்த மெத்தில்அசாக்ஸிமெத்தனால் இயற்கையிலும் உண்டு. பெங்களூரு பங்களாத் தோட்டங்களில் அழகுக்கு வைக்கும் சைகஸ் செடியில் சர்க்கரையோடு சேர்ந்து சைகாசின் என்ற பெயரில் இருப்பது அதுதான். மூலிகை என்றால் தீங்கில்லை என்று சொல்பவர்களுக்கு, பெருங்குடல் புற்றை வரவழைக்கும் இந்த மூலக்கூறும் செடி தந்ததே என்று நினைவூட்டலாம்.

நம் பக்கத்து லேப்களில் அதிகம் காணும் முறை: விஸ்டார் வகை எலிக்குக் கிலோவுக்கு 20 மி.கி. டைமெத்தில்ஹைட்ரசின், வாரம் ஒருமுறை தோலுக்கடியில், 15 வாரம். 30ஆம் வாரம் முடிவு. மருந்தை ஊசி போடும் முன் 1 மில்லிமோலார் இடிடிஏவில் கரைத்து, சோடியம் ஹைட்ராக்சைடால் பிஎச் 6.5க்குக் கொண்டுவருவார்கள். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. கடையில் வருவது டைஹைட்ரோகுளோரைடு உப்பு, மூலக்கூறு எடை 133. தனி டைமெத்தில்ஹைட்ரசினின் எடை 60. 20 மி.கி. என்பது உப்பின் எடையா, தனிப் பொருளின் எடையா என்று சொல்லாவிட்டால் டோஸ் 2.2 மடங்கு மாறிப்போகும். ஒரு லேப்பில் எலிகள் சாகும், இன்னொன்றில் கட்டியே வராது. எலியின் மூச்சிலும் சிறுநீரிலும் நச்சு வெளியேறும் என்பதால் கூண்டின் உமியை வெறுங்கையால் தொடக் கூடாது, சாதாரணக் குப்பையில் போடவும் கூடாது.

கட்டி வரும்வரை காத்திருக்காமல் அளக்கும் வழியை ரஞ்சனா பேர்ட் 1987இல் தந்தார். குடலை உப்புநீரில் அலசி, நீளவாக்கில் கிழித்து, ஃபில்ட்டர் பேப்பர் நடுவே தட்டையாக வைத்து, 10 சதவீத பஃபர் ஃபார்மலினில் ஒருநாள் ஊறவைத்து, 0.2 சதவீத மெத்திலீன் புளூவில் சில நிமிடம் நனைத்து, 40 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் குடல் சுவரின் பிறழ்ந்த கிரிப்ட் குழிகள் தெரியும். பக்கத்துக் குழிகளைவிடப் பெரிதாக, தடித்த சுவரோடு, சற்று மேலெழும்பி, வாய் வட்டமாக இல்லாமல் கீறலாக இருக்கும். எத்தனை திரள்கள், ஒரு திரளில் எத்தனை குழிகள் என்று எண்ணுவார்கள். நான்கும் அதற்கு மேலும் குழிகள் உள்ள திரள்களே கூடுதலாகக் கவனிக்கத் தக்கவை. எண்ணுபவருக்கு எந்த எலி எந்தக் குழு என்று தெரியக் கூடாது. சாயம் கூடினால் எல்லாக் குழியும் தடித்துத் தெரியும். குடல் சுருங்கிய நிலையில் ஃபார்மலினில் போட்டால் எண்ணவே முடியாது. இந்தத் திரள்களில் பெரும்பாலானவை கட்டியாவதில்லை என்பதால், சளி வற்றிய திரள்களைத் தனிச் சாயத்தில் எண்ணும் முறையையும் பிற்பாடு சேர்த்தார்கள்.

சாறு கொடுத்த எலிகளில் திரள்கள் பாதியாகிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். உடனே மகிழ முடியாது.

பூண்டின் டையலில் சல்ஃபைடு எலியில் டைமெத்தில்ஹைட்ரசின் புற்றைத் தடுத்ததாக வர்கோவிச் 1987இல் காட்டினார். அந்தப் பொருள் சிஒய்பி2இ1ஐ அடக்குவது பின்னர் தெளிவானது. நொதி அடங்கினால் ஊசி போட்ட நச்சு விழித்துக்கொள்வதே இல்லை. அது காப்புதான், ஆனால் அந்த ஒரு நச்சுக்கு எதிரான காப்பு. மனிதக் குடலில் டைமெத்தில்ஹைட்ரசினால் புற்று வருவதில்லை. எனவே ஒரு குழுவுக்கு ஊசிகளோடு சேர்த்தும், இன்னொரு குழுவுக்குக் கடைசி ஊசிக்கு ஒரு வாரம் கழித்தும் சாற்றைத் தொடங்க வேண்டும். இரண்டாவது குழுவிலும் குறைந்தால்தான் பேச்சு.

இன்னொன்று கசப்பு. நிலவேம்புச் சாற்றைத் தீவனத்தில் கலந்தால் எலி குறைவாகத் தின்னும், இளைக்கும். உணவு குறைந்தாலே எலியில் கட்டி குறையும் என்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்தது. வாரந்தோறும் தீவனத்தையும் எடையையும் அளந்து, சாறு தின்ற எலி தின்ற அளவே தீவனம் பெறும் கன்ட்ரோல் குழுவும் வைக்காவிட்டால், கண்டது செடியா பட்டினியா என்று பிரிக்க வழியில்லை. ஒரே கூண்டில் இருக்கும் எலிகள் ஒன்றின் எச்சத்தை ஒன்று தின்பதால் குடல் பாக்டீரியாவும் பொதுவாகிவிடும்; ஒரு குழு முழுவதையும் இரண்டே கூண்டில் வைப்பது இன்னொரு வழுக்கல்.

கிராம் கணக்கு

எலியில் கிலோவுக்கு 500 மி.கி. வேலை செய்தது என்றால் மனிதருக்கு எவ்வளவு? உடல் பரப்பை வைத்துப் போடும் கணக்கில் எலியின் அளவை 6ஆல் பெருக்கி 37ஆல் வகுக்க வேண்டும்: கிலோவுக்கு 81 மி.கி. 60 கிலோ ஆளுக்கு 4.9 கிராம் சாறு. பொடியில் சாறு 10 சதவீதம் என்றால் தினமும் சுமார் 50 கிராம் உலர்ந்த இலை, ஆண்டுக்கணக்கில். பச்சை இலையில் இது இன்னும் பல மடங்கு. கட்டுரையில் எலி டோஸை மட்டும் போட்டுவிட்டு “உணவில் சேர்க்கலாம்” என்று முடிப்பவர்கள் இந்த வகுத்தலைச் செய்வதில்லை.

மஞ்சளின் குர்குமினில் இந்தப் பயணம் கடைசிவரை நடந்திருக்கிறது. வாய்வழி எடுத்தால் ரத்தத்தில் அது கிட்டத்தட்டத் தெரிவதே இல்லை. ஆனால் பெருங்குடல் ரத்தத்தை மட்டும் நம்பி இருக்கவில்லை. உறிஞ்சப்படாதது நேரே அங்கு வந்து சேர்கிறது. தினம் 3.6 கிராம் எடுத்தவர்களின் குடல் திசுவில் கிராமுக்குப் பத்து நானோமோல் அளவில் குர்குமின் இருந்தது. இது தட்டுச் சோதனைச் செறிவுகளுக்குப் பக்கத்தில் வரும் அளவு. செடிச் சாறுகளில் வேறு உறுப்பைவிடப் பெருங்குடலில் நம்பிக்கை வைப்பதற்கு இதுவே நியாயமான காரணம்.

பலன்? 2011இல் வெளியான ஒரு மனித ஆய்வில், பிறழ்ந்த குழித் திரள்கள் உள்ள புகைபிடிப்பவர்களுக்கு 30 நாள் குர்குமின் கொடுத்தார்கள். தினம் 4 கிராம் எடுத்தவர்களுக்குத் திரள்கள் 40 சதவீதம் குறைந்தன. 2 கிராம் எடுத்தவர்களுக்கு மாற்றமில்லை. அதில் மருந்தில்லாத பொய் மாத்திரைக் குழு இருக்கவில்லை. 2018இல், பரம்பரையாகக் குடலில் நூற்றுக்கணக்கான கட்டிகள் வரும் எஃப்ஏபி நோயாளிகள் 44 பேருக்குத் தினம் 3 கிராம் குர்குமினோ பொய் மாத்திரையோ 12 மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். இரு தரப்பிலும் கட்டிகளின் எண்ணிக்கையிலும் அளவிலும் வித்தியாசம் இல்லை.

ஏற்கெனவே கீமோ எடுத்துக்கொண்டிருப்பவர் விஷயத்தில் சோதனையின் வரிசையே மாறுகிறது. பெருங்குடல் புற்றுக்குத் தரும் இரினோடிகான் மருந்தின் கழிவுப் பாதையில் சிஒய்பி3ஏ4 நொதிக்குப் பங்கு உண்டு. ஐரோப்பாவில் மனச்சோர்வுக்குக் குடிக்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை அந்த நொதியைத் தூண்டி, இரினோடிகானிலிருந்து வரும் செயல்படு பொருளான எஸ்என்-38இன் ரத்த அளவை 42 சதவீதம் குறைத்ததாக 2002இல் பதிவானது. நம் மிளகின் பைப்பரின் அதே நொதியை எதிர்த்திசையில், அடக்கும் பக்கமாக, இழுக்கிறது. கடையில் விற்கும் குர்குமின் மாத்திரைகள் பலவற்றில் உறிஞ்சுதலைக் கூட்டுவதற்கென்றே பைப்பரின் சேர்த்திருக்கிறார்கள். மனிதக் கல்லீரல் மைக்ரோசோமில், அதாவது கல்லீரல் செல்லிலிருந்து பிரித்த நொதிப் பகுதியில், சாற்றை வைத்து சிஒய்பி3ஏ4 வேலை குறைகிறதா என்று பார்த்தால் அடக்கும் பக்கம் தெரிந்துவிடும். தூண்டும் பக்கத்துக்கு உயிருள்ள கல்லீரல் செல் வேண்டும். இரண்டுக்கும் எலி தேவையில்லை. ஒரு சாற்றைக் கீமோவோடு சேர்த்துக் கொடுக்கலாமா என்ற பேச்சு இந்த இரண்டும் முடிந்தபின்தான் தொடங்க முடியும். அதுவரை நோயாளி என்ன கஷாயம், என்ன மாத்திரை, எத்தனை கிராம் எடுக்கிறார் என்பது கீமோ டோஸ் எழுதும் மருத்துவரின் சீட்டிலும் இருக்க வேண்டும்.